துளை போடாத தெரு

கினுயோ ஜெயித்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் அவளுடைய அக்கா சுமிக்கு வரிசை பிசகாது. இந்தப் பெண் இனி நடக்கமாட்டாள் என்று மருத்துவர்கள் கைவிட்ட இடுப்போடு எழுந்து நடந்தது முதலாவது. விந்தி நடக்கிறவளுக்கு நின்று செய்யும் வேலை ஆகாது என்று விரட்டிய மீன்பட்டறை மேஸ்திரியே பிறகு வீடு தேடி வந்து அவளை அழைத்துப் போனது அடுத்தது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமியார், சாகும்போது மகனை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பிறகு துறைமுகத்துக் கிழவர் குரோதா. கடலில் மாட்டிக்கொண்டால் கொளுத்திக் காட்டும் செஞ்சுடர்க் குச்சிகளை, காலம் கடந்து ஈரம் கோத்த பிறகும் புத்தர் மாடத்துக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தவர், அவற்றை ஒருநாள் அவள் சொல் கேட்டுத் தானே தூக்கிப் போய்ப் படகுச் சாமான் கடையில் திருப்பிக் கொடுத்தார். வீடுகளின் மருந்துப் பெட்டிகளில் கிடந்த பாதரச வெப்பமானிகளை ஒன்றுகூட உடையாமல் வெளியே கொண்டுவந்ததையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, படகுத்துறைத் தெருவை டப்பாவில் துளை போடுவதிலிருந்து நிறுத்தியது. மற்ற இடங்களில் அவள் பிடிவாதக்காரர்களோடு மல்லுக்கு நின்றாள். இங்கே நின்றது நல்லவர்களோடு.

தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான், கரப்பான் மருந்து, மேஜை அடுப்பில் போடும் எரிவாயு டப்பா எதுவானாலும் சரி, காலியானதும் ஆணியால் குத்தித் துளை போட்டு, உள்ளே தங்கியிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் குப்பையில் வைக்கவேண்டும் என்று இசொதானி ஊர் அலுவலகம் ஒரு காலத்தில் சொல்லியிருந்தது. ஊரும் அப்படியே செய்தது. சுமியிடம் அதற்கென்றே மரப்பிடி போட்ட ஒரு குத்தூசி இருந்தது. அவள் நடத்திய முடிதிருத்தும் கடையில் தெளிப்பான்களுக்குக் குறைவில்லை. டப்பாவின் வயிற்றில், மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, விளிம்பு பிசிறாமல் வட்டமாகத் துளை போடுவாள். அவள் போட்ட துளையைப் பார்த்தாலே அவள் கடை டப்பா என்று தெரியும்.

கினுயோவின் வீடு குப்பை வைக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. காக்கைகளுக்காக வலை போர்த்திய இடம் அது. அதைக் கூட்டி ஒழுங்கு செய்வது முறைப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டின் வேலை. மழை, காய்ச்சல், பேரப்பிள்ளை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்ல, அந்த முறை எப்போதோ கினுயோவின் வீட்டு வாசலில் வந்து நிலைத்துவிட்டது. அவளும் குறை சொல்லவில்லை. புருஷன் போன பிறகு காலையில் நாலு பேர் முகத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது என்றாள். இடம் மாறி வந்த பையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "பேட்டரி மூக்குல ஒட்டுநாடா ஒட்டலையே, மூக்கும் மூக்கும் முட்டிக்கிட்டா நெருப்பு வருமில்ல?" என்பாள். கொடுத்தவர்களுக்குக் கோபம் வராது. எப்படியோ அவள் சொன்னால் வராது.

2014 ஜனவரியில் எதிர்வீட்டு ஒகாதாம்மாவின் சமையலறையில் தீ பிடித்தது. எண்பது வயதுக்காரி. ஆபத்துக் குப்பை எடுக்கும் இரண்டாம் புதன்கிழமைக்கு முந்தின நாள், மூன்று எரிவாயு டப்பாக்களுக்குத் துளை போட்டிருக்கிறாள். நல்ல குளிர். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. திரைச்சீலையும் அவளுடைய புருவமும் போயின. உயிர் தப்பியது தெய்வாதீனம்.

சுமியும் கினுயோவும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். ஒகாதாம்மா நெற்றியில் மருந்து பூசிக்கொண்டு, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டி வந்து எல்லாருடைய தூக்கத்தையும் கெடுத்துவிட்டதாம்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாரு தூங்கினா?" என்றாள் கினுயோ. "அது கெடக்கட்டும். ஜன்னல எதுக்கும்மா சாத்துனீங்க?"

"தெறந்து வெச்சா அந்த நாத்தம் நேரா உங்க வீட்டுக்குத்தானே வரும்? நீங்க வேற அப்பத்தான் துணி காயப்போட்டிருந்தீங்க."

வீடு திரும்பியதும் கினுயோ வாசலில் வந்து நின்றுகொண்டு, "என் துணியில நாத்தம் ஒட்டக்கூடாதுன்னு சாகப் பாத்திருக்கு அக்கா அந்தம்மா" என்றாள்.

வசந்த காலத்தில் ஊர் அலுவலகம் விதியை மாற்றியது. இனித் துளை போடவேண்டாம். முழுக்கத் தீர்த்துவிட்டு, ஒளி ஊடுருவும் தனிப்பையில் வைத்தால் போதும் என்று வீட்டுக்கு வீடு தாள் வந்தது. கினுயோ தன் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து அக்காவிடம் நீட்டினாள். சுமி கடைக் கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் வாசித்தாள். மூன்று தடவை. அதன்பிறகு கினுயோவுக்கு ஒரு சொல் விடாமல் மனப்பாடம்.

கினுயோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்து வயதில் இடுப்பெலும்பில் காசநோய் வந்து, கடலோரச் சானடோரியத்தில் மாவுக்கட்டுக்குள் படுத்தவள், எழுந்து வரும்போது வயது பதின்மூன்று. இந்தப் பிள்ளைக்குப் படிப்பிலிருந்து விலக்கு என்று எப்போதோ முத்திரை குத்தியிருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைகளோடு போய் உட்கார அவளுக்கு மனம் இல்லை. அப்பாவுக்கு அவளை அனுப்ப வழியும் இல்லை. சுமியே நடுநிலைப் பள்ளியோடு நிறுத்தி முடிதிருத்தப் போனவள்தான். பெயர் செதுக்கிய முத்திரைக்கட்டை இருக்கிறவரை இந்த நாட்டில் யாரும் உன் கையெழுத்து எங்கே என்று கேட்பதில்லை. கேட்டது குப்பைப் பை ஒன்றுதான். பையில் வீட்டுப் பெயர் இல்லாவிட்டால் வண்டி எடுக்காது. அதனால் மாதத் தொடக்கத்தில் சுமி ஒரு கட்டுப் பையை எடுத்து வைத்துக்கொண்டு, கறுப்பு மைப்பேனாவால் ஒவ்வொன்றிலும் 'தெராசாகி' என்று தங்கையின் புகுந்த வீட்டுப் பெயரை எழுதிக் கொடுப்பாள். கடைசிக் கோட்டைக் கொஞ்சம் நீளமாக இழுப்பாள். இத்தனை வருடத்தில் தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்று சுமி நம்பியிருந்தாள்.

அடுத்த குளிருக்குள் தெருவில் ஒரு வீடுகூட மிச்சமில்லாமல் துளை போடுவதை நிறுத்தவேண்டும் என்று கினுயோ முடிவு செய்தபோது, சுமி தடுக்கப் பார்த்தாள். நாலு பேருக்கு முன்னால் நின்று புதுவிதியைச் சொல்லப்போனால், தாளை நீட்டி, எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்று ஒருவராவது கேட்கமாட்டார்களா? கேட்டுவிட்டால், பிறகு இவள் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

"அலுவலகம் தாள் குடுத்தாச்சு. படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க, விடேன்" என்றாள்.

"படிச்சிட்டாங்க அக்கா. படிச்சும் குத்துறாங்க. நேத்து வலைக்கு அடியில பாத்தேன். நீ போட்ட துளையும் இருந்துச்சு."

சுமி குத்தூசியை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

கினுயோ தன் வகுப்பைச் சுமியின் கடையிலேயே வைத்துக்கொண்டாள். தலையில் சுருளை மாட்டி, மருந்து தடவி உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் எழுந்து போகமுடியாது. அதுதான் அவள் கணக்கு. காலி டப்பா ஒன்றைக் காதருகில் கொண்டுபோய்க் குலுக்குவாள். "சளசளன்னுச்சுன்னா இன்னும் இருக்குன்னு அர்த்தம். வெளிய, காத்தோட்டமா, பக்கத்துல நெருப்பு இல்லாத இடமாப் போய், பழைய பேப்பர் மேல அடிங்க. சத்தம் நின்னுதா? அவ்வளவுதான். குத்தாதீங்க."

தபால் நிலைய அதிகாரியாக இருந்து காலமானவரின் மனைவி ஷிராகவாம்மா சுருள்களோடு திரும்பினாள். தெருவில் அவள் நாக்குக்குத் தப்பியவர் கிடையாது.

"எப்படிக் கினுயோ அப்படியே குடுக்கிறது? கத்திய முனைப்பக்கமா நீட்டுற மாதிரி இருக்காதா? நம்ம வீட்டு ஆபத்த நாமதான் முடிச்சுக் குடுக்கணும். அந்த வண்டிக்காரப் பையன் தலையிலயா கட்டுறது?"

"அதானே" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "அலுவலகம் பெருந்தன்மையாச் சொல்லும். அதுக்காக நாம சோம்பேறியாகிடறதா?"

கினுயோ டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒகாதாம்மாவின் சாத்திய ஜன்னல் அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது போல் இருந்தது. உங்களுக்கு ஆபத்து, உங்களுக்கு ஆபத்து என்று தாள் கத்திக்கொண்டிருந்தது. தனக்கு ஆபத்து என்பதற்காக இந்தத் தெருவில் யாரும் ஒரு பழக்கத்தை மாற்றப்போவதில்லை. அடுத்தவருக்குத் தொல்லை என்றால்தான் மாறுவார்கள்.

அடுத்த இரண்டாம் புதனன்று அவள் குப்பை வண்டிக்கார நாகாயை மடக்கினாள். நாற்பது வயதுக்காரன், கூச்ச சுபாவி. வலையை மடித்து வைத்துவிட்டுப் போகிறவன்.

"தம்பி, உண்மையச் சொல்லு. துளை போட்டுக் குடுத்தா உனக்கு நல்லதா?"

"ஐயோ, அதெல்லாம் நான் சொல்லக்கூடாதும்மா. இவ்வளவு சிரத்தையா செய்றாங்க."

"கையக் காட்டு."

அவன் கையுறையின் உள்ளங்கை கிழிந்து தைத்திருந்தது. துளையின் விளிம்பு கிழித்தது. மிச்சமிருந்த மருந்து ஒழுகி, வண்டிக்குள் சில நாள் கண் எரியும் என்பதையும் மெல்ல ஒத்துக்கொண்டான். துளை போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவதற்கென்றே கிடங்கில் ஓர் இயந்திரம் வந்துவிட்டது. துளை போட்ட டப்பாவை அதில் நிறுத்தினால் வழுக்குகிறது.

"இத வந்து அவங்ககிட்ட சொல்லு."

"அவங்க மனசு புண்படுமேம்மா."

"ஒருத்தர் மனசு ஒருத்தர் புண்படுத்தக்கூடாதுன்னே இந்தத் தெரு எரிஞ்சு போயிடும் தம்பி. வந்து சொல்லு. தேநீர் தரேன்."

அவன் வந்தான். கோடைத் தொடக்கத்தில், தெருவின் கூட்டக்கூடத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "ரொம்ப மன்னிக்கணும். துளை போட்டா எனக்குக் கொஞ்சம் தொல்லையா இருக்கு" என்று சொல்லிக் கையுறையைக் காட்டினான். அவ்வளவுதான் பேசினான். பிறகு ஒகாதாம்மா எழுந்து அவனுக்குத் தலை தாழ்த்தினாள். அவளைப் பார்த்து எல்லாரும் எழுந்து தாழ்த்தினார்கள். பாவம், அவனும் திருப்பித் திருப்பித் தாழ்த்திக் களைத்துப்போனான்.

"இருபது வருஷமா ஏம்ப்பா வாயத் திறக்கல?" என்றாள் ஷிராகவாம்மா.

"இருபது வருஷமா நீங்க கஷ்டப்பட்டுக் குத்துறீங்களே, அதான்."

அன்றைக்குச் சுமி கடைக்குத் திரும்பியதும் குத்தூசியை எடுத்துத் துடைத்து, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டாள். நல்ல ஊசி, வீணாகக் கூடாது.

அந்தக் குளிரில் தெருவில் ஒரு துளை விழவில்லை. ஆனால் சுமி பயந்தது வேறு வழியாக வந்தது. 2015 ஏப்ரல் கூட்டத்தில் ஊர் அலுவலகத்து இளைஞன் புதுச்செய்தி கொண்டுவந்தான். டப்பாப் பையில் இனிமேல் வீட்டுப் பெயர் மட்டும் போதாது. டப்பாவைத் தீர்த்தவர் யாரோ அவரே தன் கையால் தன் பெயரை எழுதவேண்டும். நான் குலுக்கிப் பார்த்தேன், காலி, இதற்கு நான் பொறுப்பு என்று சொல்கிற மாதிரி. தெருவில் இதைப் பார்த்துக்கொள்ளத் தெராசாகி அம்மாவையே கேட்டுக்கொள்கிறோம் என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். கினுயோவும் எழுந்து தலை தாழ்த்தினாள். சுமி மட்டும் மடியில் இருந்த கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

கை தட்டி முடிந்ததும் ஷிராகவாம்மாவின் குரல் வந்தது.

"அப்போ கினுயோ, உன் பையில யாரு எழுதுவா? இத்தனை வருஷமா அதுல இருக்கிறது உங்க அக்கா கையில்ல? அந்தக் கடைசி இழுப்பு, கடைப் பலகையில இருக்கிற அதே இழுப்பு. ஒரு பேரு எழுத உனக்கு அவ்வளவு சோம்பலா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தபால் அதிகாரி பெண்டாட்டிக்குக் கையெழுத்துத் தெரியாமல் போகுமா என்று சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எழுந்துவிட்டாள். கினுயோவுக்குக் கை நடுக்கம், அதனால் நான்தான், என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"அக்கா, உக்காரு" என்றாள் கினுயோ.

பிறகு எல்லாரையும் பார்த்து, டப்பாவைக் குலுக்கச் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் சொன்னாள்.

"எனக்கு எழுதத் தெரியாது. படிக்கவும் தெரியாது. பள்ளிக்கூடம் போற வயசுல மாவுக்கட்டுல இருந்தேன். தாள்ல இருக்கிறத அக்கா வாசிச்சுத்தான் உங்ககிட்ட சொன்னேன். சொன்னதுல தப்பு எதுவும் இல்ல, வேணும்னா ஒப்பிட்டுப் பாருங்க. படிக்கத் தெரியாதவ இதப் பாத்துக்க வேணாம்னு நெனச்சா இப்பவே சொல்லிடுங்க. யாருக்கும் சங்கடம் வேண்டாம்."

அலுவலக இளைஞன் தன் காலணி நுனியைப் பார்த்தான். சுமிக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் போல் இருந்தது. நாற்பது வருடம் கட்டிக் காத்த சுவர் ஒரு மூச்சில் போய்விட்டது. இடித்தவளோ நிதானமாக நிற்கிறாள்.

முதலில் பேசியது ஒகாதாம்மா. "படிக்கத் தெரியாதுன்னா, எப்படிம்மா தப்பா வந்த பைய எல்லாம் சரியா அவங்கவங்க வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்தே? எங்க வீட்டுப் பை ஒரு தடவகூட ஷிராகவா வீட்டுக்குப் போனதில்லையே."

"அது படிப்பில்லம்மா. உங்க பேரு ரெண்டு கால அகட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். அவங்களது மூணு கோடு ஓடுற மாதிரி. முகம் பாத்து அடையாளம் சொல்ற மாதிரிதான்."

"எல்லா வீட்டுதும் தெரியுமா?" என்று கேட்டாள் ஷிராகவாம்மா.

"இந்தத் தெருவுல எல்லாரையும் தெரியும்."

ஷிராகவாம்மா மூக்கைத் தடவிக்கொண்டாள். "சோம்பல்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள். "ஆனா விதி விதிதான். அடுத்த மாசம் நான் ரெண்டு பை கொண்டுவருவேன். நீ பாத்துட்டு சரின்னாத்தான் வெப்பேன். உன் பையில நீதான் எழுதணும். எப்படி எழுதுவியோ எனக்குத் தெரியாது."

இதைவிடப் பெரிய ஆதரவு அந்த வாயிலிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை. இளைஞன், வட்டம் போட்டாலும் போதும் என்றான். கினுயோ வேண்டாம் என்றாள். ஊருக்கெல்லாம் உன் கையால் எழுது என்று சொல்லப்போகிறவள் வட்டம் போடுவதாவது?

மறுநாள் கடை விடுமுறை. சுமி பழைய செய்தித்தாளை விரித்து, மைப்பேனாவை எடுத்து, தங்கையின் பெயரைப் பெரிதாக எழுதிக்காட்டப் போனாள்.

"எழுதாதே" என்றாள் கினுயோ. "என் பேரு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? நான் பையில எழுதினது உன் புருஷன் வீட்டுப் பேரு. உன் பேர நான் எழுதினதே இல்லையே."

கினுயோ பேனாவை வாங்கி, முஷ்டியில் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வெகுநேரம் ஆயிற்று. சுமி எட்டிப்பார்த்தாள். எழுத்து மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஏதோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல.

"என்னடி இது?"

"என் பேருதான். கட்டில் தலைமாட்டுல தொங்குச்சே, அட்டை. எட்டு வருஷம் பாத்தேன், மறந்துபோகுமா?"

சானடோரியத்தில் மாவுக்கட்டுக் குழந்தைகளால் தலையைத் திருப்ப முடியாது. ஜன்னலையும் கடலையும் பார்க்கட்டும் என்று ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போதெல்லாம், கினுயோ அந்தக் கண்ணாடியில்தான் முதலில் அக்காவைப் பார்ப்பாள். தலைக்கு மேலே தொங்கிய பெயர் அட்டையையும் அவள் அந்தக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள்.

சுமி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு கடையின் பெரிய கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக்குள் எழுத்து திரும்பிக்கொண்டது. கினுயோ என்று இருந்தது. ஒரு கோடு குறையவில்லை.

சுமிக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு கண்ணாடி தெளிவாகத் தெரியவில்லை. "இடம் வலம் மாறிப்போச்சுடி" என்றாள்.

"பரவாயில்ல. தாள அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லு" என்று கினுயோ வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் இன்னொரு தாளை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். சுமி கை வலிக்க வலிக்கத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஆபத்துக் குப்பை நாளன்று தெரு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கூடிவிட்டது. யாரும் அதற்காக வந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒகாதாம்மா வாசலைக் கூட்டினாள், கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினாள். ஷிராகவாம்மா தன் இரண்டு பைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். கினுயோ ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் காதருகில் குலுக்கி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல இன்னும் பேசுது."

"என் வீட்டுல டப்பாவும் பேசும்" என்று ஷிராகவாம்மா அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பிறகு கினுயோ தன் பையைத் தரையில் வைத்தாள். உள்ளே ஒரு கரப்பான் மருந்து டப்பாவும் இரண்டு எரிவாயு டப்பாக்களும் இருந்தன. மூன்றும் காலி, மூன்றிலும் துளை இல்லை. சரியில்லாத காலை ஒருபக்கம் நீட்டி உட்கார்ந்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். நாகாய் வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தான். சுமி எட்ட நின்றாள். கிட்டே போனால் கை தானாக நீண்டுவிடுமோ என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பை வழுக்கியது, கினுயோ இடது கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். புருஷன் வீட்டுப் பெயரை எழுதினாள். கடைசிக் கோட்டை நீளமாக இழுக்கவில்லை. அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றன. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தேதியும் போடணுமா தம்பி என்று நாகாயைக் கேட்டாள். வேண்டியதில்லைம்மா என்றான் அவன். எண்கள் எனக்குத் தெரியும், போடுகிறேன் என்று போட்டாள்: 2015, மே 13.